தயார்நிலைப் படுக்கை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் மகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை. நாலு மாதமாக மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறதாம். மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். இவரோ வழக்கம்போலச் சிரிக்கிறார். "முப்பது வருஷமா ஊர்ல இருக்கிற பம்புக்கெல்லாம் வாஷர் மாத்தினேன், இப்ப என் பம்பே ஒழுகுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. பட்டறையில் கிடந்த மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தூங்குகிறார் என்பது ஒரு பேச்சுக்கு.

அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்தாயிற்று. முறை வர ஒரு வருடம் ஆகும். டாக்டரோ ஆறேழு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்கிறார். உங்கள் மருத்துவமனையில் பணமில்லாதவர்களுக்கென்று பத்துப் படுக்கை உண்டு, வாசல் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒன்று கிடைக்குமா அண்ணா?

அந்தப் பழைய விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 2

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் அப்படியே இருக்கிறது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. மகளுக்கு என் அன்பு.

'பழைய விஷயம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். உங்கள் மாடி கட்டி முடித்த அன்று முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்து, என்னைக் காட்டிச் சொன்னார்: "எங்க மச்சான் படிச்ச படிப்பெல்லாம் அடுத்தவன் காசை எண்ணத்தான். எண்ணி முடிச்சதும் கையைக் கழுவிட்டு வந்துடுவாரு." முப்பது பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கடைவாய்ப் பல் தெரிய. பன்னிரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அது பழையதாகவில்லை.

நான் வேலை செய்கிற இடம் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியாது. இது லாப நோக்கமில்லாத மருத்துவமனை. 'லாபம்' என்ற சொல்லைக் கணக்குப் பிரிவில் யாரும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. 'உபரி' என்றுதான் சொல்ல வேண்டும். லாபம் என்றால் வரி கட்ட வேண்டும். உபரி என்றால் அது சேவைக்காகக் காத்திருக்கிற பணம். போன வருட உபரி எங்கே போனது தெரியுமா? வரவேற்புக் கூடத்தில் ஒரு நீரூற்று. அடியில் நிறம் மாறும் விளக்குகள். செலவுத் தலைப்பு: 'நோயாளிகளின் மன அமைதி'. துணி வெளுக்கும் ஒப்பந்தம் அறக்கட்டளைச் செயலரின் மருமகனுக்கு, வெளியில் கேட்கிற விலையைப்போல் இரண்டு மடங்குக்கு. அதன் பெயர் 'தொற்றுத் தடுப்பு'. மீதி 'எதிர்கால வளர்ச்சி நிதி' என்ற பெயரில் வங்கியில் தூங்குகிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த எதிர்காலம் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் நீரூற்றைத் தாண்டும்போது எனக்கு வாய் கசக்கிறது.

நிதி இயக்குநர் என்று ஒருவன் இருக்கிறான். எனக்குக் கீழே உட்கார்ந்து பேரேடு எழுதப் பழகியவன். எது சொன்னாலும் சிரிப்பான். சிரித்தமுகம் என்றுதான் ஊழியர்கள் அவனைச் சொல்வார்கள். இப்போது எனக்கு மேலே இருக்கிறான். அவனிடம்தான் நான் போய் நிற்க வேண்டும்.

கேட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் அன்று சிரித்தது உண்மை. எல்லோரும் சிரித்தபோது எனக்கும் வந்துவிட்டது. நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதை இலையை எடுக்கும்போதுதான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று பன்னிரண்டு வருடமும் நினைத்தேன். இப்போது கேட்டால் காரியத்துக்காகக் கேட்பதுபோல இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

பரிசோதனைத் தாள்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல். அந்தப் பத்துப் படுக்கையும் இப்போது நிரம்பித்தான் இருக்கிறதா?

உன் தங்கை


மார்ச் 10

அன்புள்ள தங்கைக்கு,

தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை, வேலை. ஒத்தடம் கொடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

படுக்கைகள் காலியாகத்தான் இருக்கின்றன. பத்தும்.

மேல்மாடியில் கிழக்குக் கோடியில் அந்த வார்டு இருக்கிறது. தினமும் காலையில் துப்புரவு அம்மா பூட்டைத் திறந்து, விரிப்பு மாற்றி, தலையணையைத் தட்டி வைத்து, மறுபடி பூட்டிவிடுவார். யாரும் படுக்காத விரிப்பு சலவைக்குப் போய், யாரும் படுக்காத விரிப்பாகவே திரும்பி வரும். மருமகனுக்கு அதற்கும் பணம் உண்டு.

முன்பு ஆட்கள் படுத்திருந்தார்கள். இல்லாத ஒருவர் வந்து படுத்தால் மருந்து, சாப்பாடு, நர்ஸ், அறுவை என்று செலவு. பதினோரு வருடத்துக்கு முன்னால் கணக்குப் பிரிவில் ஒரு புத்திசாலி ஒரு வழி சொன்னார். ஆள் வந்தாலும் வராவிட்டாலும், படுக்கையைத் தயாராக வைத்திருப்பதே சேவைதான். ஆகவே 'தயார்நிலைப் படுக்கை' என்று ஒரு தலைப்புப் போட்டு, கட்டண வார்டில் ஒரு நாளைக்கு என்ன வாடகையோ அதை ஒவ்வொரு படுக்கைக்கும் சேவைக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். பத்துப் படுக்கை, முந்நூற்று அறுபத்தைந்து நாள். வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது நாள் இலவச சேவை என்று ஆண்டறிக்கையில் அச்சாகிறது. வரிவிலக்கு நிற்பது அதன்மேல்தான். ஆள் படுத்தாலும் இதே எண்தான். செலவு மட்டும் கூடும். அதனால் ஆள் இல்லாமல் இருப்பதே நல்லதென்று ஆனது. யாரையும் யாரும் துரத்தவில்லை. விண்ணப்பப் படிவத்தில் நான்கு கையெழுத்துகளைக் கூட்டினார்கள். இரண்டு மாதத்தில் வார்டு காலி.

சிரித்தமுகத்திடம் கேட்டேன். "பாக்கலாம் சார், பாக்கலாம்" என்று சிரித்தான். கொஞ்சம் பொறுத்திரு.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள், பள்ளி முடிந்ததும் ஒரு துணிக்கடையில். அவருக்குக் கால் வீங்கிவிட்டது, செருப்பு நுழையவில்லை. நாற்காலியின் முதுகில் தலையணையை வைத்து சைக்கிள் டியூபால் கட்டியிருக்கிறார். "பேருந்துல ஜன்னலோர சீட்டு மாதிரி இருக்கு, ஊர்தான் வர மாட்டேங்குது" என்கிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் புரிந்தது.

அந்தப் புத்திசாலி இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா? முறையைக் கண்டுபிடித்தவரே சொன்னால் ஒரு படுக்கையை மட்டும் விட மாட்டார்களா? அவர் விலாசம் கிடைத்தால் அனுப்பு. நானே வந்து காலைப் பிடிக்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு வழி கிடைத்திருக்கிறது. வழி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இருபத்து நான்காம் தேதி வரித்துறை அதிகாரி வருகிறார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரிவிலக்கைப் புதுப்பிப்பதற்கான ஆய்வு. அன்று இலவச வார்டில் ஆட்கள் இருக்க வேண்டும். சிரித்தமுகம் ஒவ்வொரு பிரிவாக வந்து கேட்டான்: "உங்க சொந்தத்துல யாராவது சும்மா ஒருநாள் வந்து படுப்பாங்களா? காலைல வந்தா சாயங்காலம் போயிடலாம். பழப்பை தர்றோம்." காவலாளியின் மாமனார் வருகிறார். சமையற்காரரின் தம்பி வருகிறான். அவனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. பத்துப் பேரைத் தேடிப் பிடிக்கிறார்கள், பத்து நோயாளிகள் வாசலில் இருக்கும்போது.

உன் வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நிஜமான நோயாளி, கையில் தாள்களோடு. அதிகாரி எதிரில் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை படுத்துவிட்டவரை எழுப்பி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். வருகிறோம். அதிகாரி வந்து பார்ப்பார் என்றதும் புதுச் சட்டை வேண்டுமென்று சொல்லிவிட்டார். தையற்காரரே வீட்டுக்கு வந்து, அவரை நாற்காலியில் வைத்தே அளவெடுத்துப் போனார். உன்னைப் பார்க்கப் போகிறோம் என்பதில் மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். உன் முகமே அவளுக்கு மறந்துவிட்டதாம்.

தங்கை


ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

பயண அலுப்புத் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். அன்று உன்னோடு பேச நேரம் கிடைக்கவில்லை. உறவினர்கள் கூடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. உங்களை அந்த நீரூற்றுப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

மேலே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் வீட்டுக்காரருக்கு ஏழாம் எண் படுக்கை. நர்ஸ் கட்டிலின் அடியில் இருந்த கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் நோயாளிபோல நடித்துக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் தம்பி முனகிக்கூடக் காட்டினான். உண்மையான நோயாளி மட்டும் வாயைத் திறந்தபடி தூங்கினார். அதிகாரி வந்தபோது டாக்டர் குனிந்து நெஞ்சில் கருவியை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "இவரை வீட்டுக்கு விடக் கூடாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சிரித்தமுகம் உடனே, "அதுக்குத்தானே சார் இந்த வார்டே" என்றான். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுப்ப வேண்டாம், தூங்கட்டும் என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

மாலை ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பினார்கள். பழப்பை கொடுத்தார்கள். துப்புரவு அம்மா விரிப்புகளை உருவினார்.

இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவர்களோடு ஒரே காற்றைச் சுவாசிப்பதே அருவருப்பாக இருக்கிறது. வேறு ஏதாவது வழி பார்க்கிறேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணனுக்கு,

மகள் சுகம். உன் முழங்கால் தேவலையா?

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுதாமலே விடலாமென்று இருந்தேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'எழுப்பினார்கள்' என்ற இடம் வந்ததும், திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். சிரித்தார்.

பேருந்தில் திரும்பும்போதே அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் தூங்கினேன். யாரோ தோளைத் தொட்டாங்க. கண்ணைத் திறந்தா மச்சான். 'எழுந்திருங்க, நேரமாச்சு'ன்னாரு. ஆபரேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போறாருன்னு நினைச்சேன். சட்டைப் பொத்தானைக் கழட்ட ஆரம்பிச்சேன். அவரு ஒவ்வொண்ணா திரும்பப் போட்டு விட்டாரு."

இன்னொன்று. அன்று நீரூற்றுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது துப்புரவு அம்மா எங்கள் பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. மேல்மாடி வார்டுக்கு வேலைக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "கணக்கர் வார்டுன்னுதான் சொல்லுவோம்மா. அவரு போட்ட கணக்குலதான் ஆளில்லாம ஓடுது. பெரிய மூளைக்காரரு." மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் நான் விலாசம் கேட்டேனே, நீ பதில் எழுதவில்லை. நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன்.

அவர் நாற்காலியில்தான் இருக்கிறார். இப்போது ஜோக் அடிப்பதில்லை. பேசினால் மூச்சு வாங்குகிறது. உன்னிடம் எதுவும் கேட்டு இதை எழுதவில்லை.

தங்கை


ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் மச்சான் எப்படி இருக்கிறார்?

நீ எழுதியது எல்லாம் சரி. 'தயார்நிலைப் படுக்கை' என் சொல். அதற்காக இரண்டு நாள் அகராதியைப் புரட்டினேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வருமென்று நினைத்தேன். சிரித்தமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த இடத்தின்மேல் எனக்கு வெறுப்பு. முறை கெட்டதென்று நான் வெறுக்கவில்லை. பலன் வேறொருவனுக்குப் போயிற்றே என்றுதான் வெறுத்தேன்.

அன்று மாலை, "அவர் உங்க ஆளு சார், நீங்க எழுப்பினா சத்தமில்லாம எழுந்திருப்பாரு" என்றான் சிரித்தமுகம். போனேன். எழுப்பினேன். பொத்தான்களைப் போட்டேன். மொத்தம் ஆறு. வெளியே வந்து குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் மச்சான் மாடி கட்டிய அன்று சொன்னது ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. மார்ச்சில் சிரித்தமுகத்திடம் கேட்டதாக எழுதியிருந்தேன். கேட்கவில்லை. இரண்டு முறை அவன் அறை வாசல்வரை போனேன். அவனிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்பது ஒன்று. கேட்பது யாருக்காக என்பது இன்னொன்று. அந்த முப்பது பேரின் சிரிப்பு காதில் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். 'பாக்கலாம் சார்' என்பது நானே எழுதிய வசனம்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆண்டுக் கணக்கில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது என்ற எண்ணைக் கோடிட்டு அடித்தேன். 'வார்டு காலியான பின் இன்றுவரை இலவசப் படுக்கையில் நோயாளி இருந்த நேரம்: ஒரு படுக்கை, ஒன்பது மணி நேரம். நோயாளி என் தங்கையின் கணவர். எழுப்பி அனுப்பியது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை நேராக வரித்துறை அதிகாரிக்கு அனுப்பினேன்.

அதிகாரி போன வாரம் சொல்லாமல் வந்தார். பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பதினைந்து நாளில் வார்டில் ஆட்கள் இல்லாவிட்டால் விலக்கு ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செயலர் நடுங்குகிறார். நான்கு கையெழுத்துப் படிவத்தைக் கிழித்துவிட்டார்கள். வாசலில் நிற்பவர்களை வலிய மேலே ஏற்றுகிறார்கள். எனக்கு விருப்ப ஓய்வு, விருப்பம் அவர்களுடையது. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது சிரித்தமுகம் வாசல்வரை வந்தான். அன்று மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்கு சார் இவ்வளவு? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்றான். பொய்யாக இருக்கலாம். நான் கேட்டிருந்தால் அல்லவா அது பொய்யென்று சொல்ல முடியும்?

அதிகாரி கையில் மச்சான் பெயர் இருப்பதால் ஏழாம் எண் படுக்கையை அவருக்கே எழுதியிருக்கிறார்கள். கடிதம் கிடைத்ததும் கிளம்புங்கள். நான் அங்கே இருக்க மாட்டேன். உள்ளே விட மாட்டார்கள்.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இதை எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. உன் முழங்காலைக் கவனி.

வால்வு மாற்றி இன்றோடு ஒன்பதாவது நாள். அன்று பார்த்த அதே டாக்டர்தான் செய்தார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கஷ்டமென்று சொன்னார்.

அவர் கண் விழித்த மறுநாளே சிரித்தமுகம் ஒரு போட்டோக்காரரோடு வந்துவிட்டார். 'எங்கள் இலவச வார்டின் முதல் பயனாளி' என்று பெரிய அட்டை. அதை அவர் கையில் பிடிக்கச் சொன்னார்கள். அவரோ தண்ணீர் பாட்டிலை வைக்க இடமில்லையென்று சொல்லி, அட்டையை வாங்கிக் கட்டிலில் போட்டு அதன்மேல் பாட்டிலை வைத்தார். நீரூற்று இன்னும் ஓடுகிறது. சலவை இன்னும் மருமகனிடம்தான். வார்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதைத் தவிர எதுவும் மாறவில்லை என்று துப்புரவு அம்மா சொல்கிறார். வார்டின் பெயரும் மாறவில்லை. கணக்கர் வார்டுதான்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். தானே படித்தார். மார்ச் விஷயம் வந்த இடத்தை இரண்டு முறை படித்தார். எனக்கு அந்த இடம் இன்னும் தொண்டையில் நிற்கிறது அண்ணா. அது எப்போது இறங்கும் என்று தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை இப்போது உயர்த்த வேண்டியதில்லை. மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிறார். வார்டே திட்டுகிறது.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை யாரும் தடுக்க முடியாதாம், நர்ஸிடம் கேட்டுவிட்டேன். பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. உன்னை வரச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சநேரம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"வரட்டும். நான் முழிச்சிருக்கும்போது வரச் சொல்லு."

உன் தங்கை